பொருநைக் கரையிலிருந்து விலகிச் சென்ற தலைமையகங்கள்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே பாபநாசம் நோக்கிச் செல்லும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னே அமைந்துள்ளது பத்தமடை. தாமிரபரணியின் தென்கரைப் பாசனத்தில் செழித்த ஊர். 1887இல் சுவாமி சிவானந்தர் பிறந்ததும் இவ்வூரிலேயே. ஆயினும் தமிழகம் முழுவதும் இவ்வூரின் பெயரைக் கொண்டு சேர்த்தது பாய்தான். திருமணச் சீர்வரிசையில் மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய் இடம்பெற்ற காலம் ஒன்று உண்டு. இன்றும் அவ்வழக்கம் முற்றிலும் அற்றுப்போய்விடவில்லை.

ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கோரையை அறுத்து, கிழித்து, உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திய பின்னரே அது தறிக்கு வருகிறது. நெடுக்கில் பருத்தி நூல் பாவாக ஓட, குறுக்கில் கோரை ஊடையாகச் செல்லும். கோரையை எவ்வளவு மெல்லிதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவுக்குப் பாயின் தரம் உயரும். மிக நுண்ணிய வகை பட்டுத்துணிபோல் மடியும். அதனால்தான் அதற்குப் பட்டுப்பாய் என்ற பெயர். தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைக் காத்து வருபவை அவ்வூர் இசுலாமியக் குடும்பங்கள். அவற்றிலும் பெண்களின் கைகளே பெரும்பங்கு வகிக்கின்றன. வீடே தொழிற்கூடம். வீட்டுக்கு மூத்தவரே மேற்பார்வையாளர். மூலப்பொருள் தருவதற்கும் விற்றுக் கொடுப்பதற்கும் ஒரு வணிகர். பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கமும் வந்து சேர்ந்தது. அவ்வளவே இத்தொழிலின் நிருவாக அமைப்பு. கோரையும் நீரும் தேர்ந்த கையும் ஒரே ஊரில் இருந்தமையால் இதற்குமேல் ஓர் அமைப்பு தேவைப்படவில்லை.

அதே சாலையில் இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே சென்றால், பொதிகை மலையடிவாரத்தில், முற்றிலும் வேறுவகைத் தொழில் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. அதற்கும் ஆற்று நீர்தான் ஆதாரம். பருத்தி நூல்தான் பொருள். ஆனால் அது வீட்டில் நிற்கவில்லை, ஊரிலும் நிற்கவில்லை, கடல் கடந்தும் சென்றது. ஒரே ஆற்றின் கரையில் ஒன்று இருந்த இடத்திலேயே இருக்க, மற்றொன்று தன் உருவத்தை மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டது ஏன் என்பது ஆராயத்தக்கது.

கூடித் தொழில் செய்யும் அமைப்பு தமிழகத்துக்கு ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமை அன்று. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைத்தளத்தில், கணிநந்தன் என்னும் சமண முனிவர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்தோருள் வெள்ளறை நிகமத்தோர் இடம்பெறுகின்றனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்படும் அத்தமிழி எழுத்துகளில் வரும் நிகமம் என்பது வணிகர் குழு. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் தத்தம் தொழிற்பெயரோடு நிற்கின்றனர். தென்பாண்டி நாட்டுக் கழுகுமலையிலும் பல ஊர்களைச் சேர்ந்தோர் திருமேனிகளைச் செதுக்குவித்துப் பெயர் பொறித்துள்ளனர். நிகமம் என்பது ஒரு கூட்டு உரிமை; கொடை அளிக்கும்போது தனியாள் பெயரால் அன்றி அமைப்பின் பெயரால் அளிக்கிறது. ஆனால் அதன் உறுப்பினர் தாமே வணிகம் செய்வோர். உடைமையாளன் ஒருவன், நடத்துபவன் வேறொருவன் என்ற பிரிவு அங்கே இல்லை. அந்தப் பிரிவுதான் புதிதாக வந்தது.

பெருநிறுவனங்களின் வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் சாண்ட்லர், 1962இல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். நிறுவனம் முதலில் தன் வழியை, அதாவது எதைச் செய்வது, எங்கே விற்பது என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் நிருவாக அமைப்பு அதைப் பின்பற்றித் தாமதமாகவே மாறுகிறது என்பதே அக்கருத்து. டூபான்ட் நிறுவனத்தை அவர் சான்று காட்டினார். 1802 முதல் வெடிமருந்து செய்துவந்த அந்நிறுவனம், முதல் உலகப் போருக்குப் பின் சாயம், வண்ணப்பூச்சு எனப் பலவற்றில் இறங்கியது. பழைய நிருவாகம் அவற்றைத் தாங்காது தத்தளித்தது. 1921இல்தான் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பிரிவு, தனிப் பொறுப்பாளர் என அமைப்பை மாற்றியது. சாண்ட்லர் கூறிய வரிசை சரியானதே. எனினும் அவர் நோக்கிய திசை தலைமையகத்திலிருந்து கீழ்நோக்கியது. ஆலை இருக்கும் ஊரிலிருந்து நோக்கினால் மற்றொன்றும் தெரிகிறது: ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முடிவெடுக்கும் இடம் சற்றுத் தள்ளிப் போகிறது.

பாபநாசம் ஆலையைத் தோற்றுவித்தவர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861–65 ஆண்டுகளில் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்காமற் போகவே, திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் பாதை வந்தது. பருத்தியை அரைத்து, அழுத்திப் பொதியாக்கிக் கப்பலேற்றுவதே அன்று ஐரோப்பிய வணிகர்களின் வேலை. ஹார்வி சகோதரர்கள் அதற்கு ஒருபடி மேலே சென்று, விளையும் நாட்டிலேயே நூலாக நூற்றால் என்ன என்று எண்ணினர். 1883இல் திருநெல்வேலி மில்ஸ் கம்பெனி உருவாயிற்று. 1885 அளவில் பாபநாசத்தில் கதிர்கள் சுழலத் தொடங்கின.

துறைமுகத்தையும் இரயிலையும் விட்டு மலையடிவாரத்தைத் தேர்ந்தது வியப்பாகத் தோன்றலாம். காரணம் நிலக்கரி. தென்தமிழகத்தில் அன்று நிலக்கரி இல்லை; கடல்வழி வரவழைத்தால் செலவு மிகும். தாமிரபரணியோ தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழையும் பெறும் ஆறு. அது மலையிலிருந்து இறங்கும் இடத்தில் நீரின் விசை விலையின்றிக் கிடைத்தது. சக்கரத்தைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றிலேயே சேர்ந்தது. நீருக்காக ஆலை மலைக்குச் சென்றது. ஆகவே பஞ்சு மலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று, ஆட்களும் செல்ல வேண்டியதாயிற்று. இரயில் பாதை 1902இல் கல்லிடைக்குறிச்சியை எட்டும்வரை பஞ்சுப் பொதி மேற்கே போகவும் நூல் கட்டு கிழக்கே வரவும் மாட்டு வண்டிதான் வழி. விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளர் ஊராக வளர்ந்தது இவ்வாறே.

எதை உற்பத்தி செய்வது என்பதிலும் அவர்கள் கணக்கு நுட்பமானது. லங்காஷயர் துணியோடு போட்டியிட அவர்கள் முனையவில்லை. நூல் மட்டுமே நூற்றுக் கைத்தறி நெசவாளர்க்கு விற்பதையே முதன்மையாகக் கொண்டனர். கையால் நூற்கும் இராட்டினத்தின் இடத்தை ஆலை நூல் பிடித்தது. தறி தப்பிப் பிழைத்தது. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சித் தறிகள் 20ஆம் நூற்றாண்டிலும் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். நூற்ற பெண்களின் கைவருமானம் போனது குறித்து எழுதியோர் மிகச் சிலரே.

அமைப்புக்கு வருவோம். திருநெல்வேலி மில்ஸ் பங்குதாரர்களின் கம்பெனி. ஆனால் அதை நடத்தியது ஏ. அண்டு எஃப். ஹார்வி என்ற தனி வணிகக் கூட்டு. ஒப்பந்தத்தின்பேரில் ஆலையை நிருவகித்து, அதற்கெனக் கமிஷன் பெறும் இம்முறைக்கு மேனேஜிங் ஏஜென்சி என்று பெயர். கல்கத்தாவின் சணல் ஆலைகளும் அசாமின் தேயிலைத் தோட்டங்களும் இம்முறையிலேயே வளர்ந்தன. பஞ்சு வாங்குதல், எந்திரம் தருவித்தல், கப்பலேற்றுதல், கடன் திரட்டுதல் ஆகியவற்றைத் தனித்தனியே ஒவ்வோர் ஆலையும் கற்கத் தேவையில்லை. ஒரே அலுவலகம் பல கம்பெனிகளுக்கும் செய்யும். தூத்துக்குடியில் கோரல் மில், 1889இல் பதிவாகி 1892இல் இயங்கத் தொடங்கிய மதுரை மில் என ஹார்வியின் நிருவாகம் விரிந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் தூத்துக்குடி முகவராகவும் அந்நிறுவனமே இருந்தது. மலையடிவாரம், துறைமுகம், இரயில் சந்திப்பு என மூன்றிலும் ஆலை. மூன்றையும் இணைக்கும் ஒரே மேசை.

அந்த மேசைக்கு எதிரே நிகமத்தின் பழைய கூட்டு உணர்வோடு ஒரு கம்பெனி எழுந்தது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16இல் பதிவு செய்த சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய்; மொத்தம் 40,000 பங்குகள். சிறு வணிகனும் வாங்கக்கூடிய பங்கு என்பதே அதன் வலிமை. பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். தொடக்கத்தில் வாடகைக் கப்பலை நம்பியது. கப்பல் தந்தவர்கள் பின்வாங்கியதும், சொந்தக் கப்பலின்றிப் பிழைப்பில்லை எனத் தெளிந்து, 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்களை வாங்கியது. கப்பல் கம்பெனி என்பது கடனும் காத்திருப்பும் வேண்டும் தொழில். எதிர்த்தரப்போ கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போகவல்லது. ஒரு வழித்தடத்தின் இழப்பை நூறு வழித்தடங்களின் வரவால் ஈடுகட்டும்.

1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். சில நாட்களிலேயே நிருவாகம் இறங்கி வந்து கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இசைந்தது. மார்ச் 12இல் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அதன்பின் கப்பல் கம்பெனி நிமிரவில்லை, 1911இல் கலைக்கப்பட்டது. அரசின் அடக்குமுறையே முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அமைப்பு நோக்கில் மற்றொன்றும் சொல்லவேண்டியுள்ளது. ஹார்வி நிறுவனத்தில் ஒரு பங்காளி ஸ்காட்லாந்து திரும்பினாலும் மேசை நின்றது. சுதேசிக் கம்பெனியில் பங்குதாரர் பல்லாயிரவராயினும் மேசை ஒருவரின் தோள்மேல் இருந்தது. அவர் சிறை சென்றபோது அதைத் தாங்க இன்னொரு தோள் அமையவில்லை.

ஹார்வி ஆலைகள் பின்னர் மதுரை மில்ஸ் கம்பெனி என்ற ஒரே பெயரின் கீழ் இணைந்தன. முதலில் தோன்றியது பாபநாசம். பெயர் தந்ததோ மதுரை. இரயிலும் தொழிலாளரும் சந்தையும் மதுரையில் மிகுதி; நிறுவனம் நீரை நம்பிய காலம் போய் ஆளையும் சந்தையையும் நம்பும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அப்பெயர் மாற்றமே சான்று. மதுரையில் தொழிலாளர்க்காக ஹார்விபட்டி என்ற குடியிருப்பு எழுந்தது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், ஆற்றின் விசை கம்பி வழியே எங்கும் செல்லக்கூடியதாயிற்று. ஆலை ஆற்றங்கரையில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அன்றே தீர்ந்தது. கட்டடமும் பழகிய தொழிலாளரும் அங்கே இருந்தமையால் ஆலையும் இருந்தது.

1970 ஏப்ரலில் மேனேஜிங் ஏஜென்சி முறையை இந்திய அரசு சட்டத்தால் ஒழித்தது. 87 ஆண்டுக்கால அமைப்பு ஒன்று ஒரே நாளில் உரிமையிழந்தது. பிறர் கம்பெனியைக் கமிஷனுக்கு நடத்தும் நிறுவனம் இனி அக்கம்பெனியாகவே ஆகவேண்டும், அல்லது விலகவேண்டும். 1974இல் மதுரை மில்ஸ், ஜே. அண்டு பி. கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில் தையல் நூலால் வளர்ந்த கோட்ஸ், 1896இல் போட்டியாளர்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டு உலகின் மிகப்பெரிய தொழில் நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. கைத்தறிக்கு நூல் விற்ற பாபநாசம், உலகச் சந்தைக்கான தையல் நூலின் வரைபடத்தில் ஒரு புள்ளியானது. தலைமை அலுவலகம் பெங்களூரில் அமைந்தது. அதற்கும் மேலே ஒரு தலைமை இலண்டனில்.

1980களின் இறுதியில் அந்நிறுவனம் துணிந்து மற்றொரு வழியில் இறங்கியது. நூலிலிருந்து ஆயத்த ஆடைக்கு. லூயி பிலிப் 1989இலும், வான் ஹூசன் 1990இலும், ஆலன் சோலி 1993இலும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. நூல் விற்பவர்க்கு நெசவாளரைத் தெரிந்தால் போதும். சட்டை விற்பவர்க்கு அதை அணிபவரின் மனம் தெரியவேண்டும். நூல் பிரிவின் கணக்கு டன்னில். ஆடைப் பிரிவின் கணக்கு விளம்பரத்திலும் கடைவீதியிலும். டூபான்ட் கண்ட அதே சிக்கல். ஒரே கூரையின் கீழ் இரண்டு வேறு தொழில்கள். ஆடை வணிகம் பெருவெற்றி கண்டது. ஆயினும் 1999–2000இல் அது ஆதித்ய பிர்லா குழுமத்துக்கு விற்கப்பட்டது. கோட்ஸ் உலகெங்கும் தன் பிற தொழில்களைக் கழித்துத் தையல் நூலையே பற்றிக்கொள்ளும் வழியில் சென்றுகொண்டிருந்த காலம் அது. விற்றது தவறு என்று இன்று சொல்வது எளிது. இலண்டனிலிருந்து நோக்கியவர்க்கு இந்திய ஆடைச் சந்தை பக்கத்துத் தெருவாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்வளவு மாற்றத்திலும் பத்தமடைப் பாய் பழைய அமைப்பிலேயே நின்றது. அதைப் பெருமையாக மட்டும் கொள்வதற்கில்லை. புவிசார் குறியீடு கிடைத்தது. கண்காட்சிகளில் பாராட்டுக் கிடைத்தது. ஆனால் நுண்பாய் ஒன்றை முடிக்கப் பல வாரங்கள் ஆகும்; அந்த உழைப்புக்கேற்ற கூலி கிடைப்பது அரிது. இளையோர் தறியை விட்டு விலகுகின்றனர். நிறுவனம் ஆகாமையால் ஊரைவிட்டுத் தலைமை போகவில்லை; நிறுவனம் ஆகாமையாலேயே சந்தையைத் தேடிப் போக ஆளுமில்லை.

குடும்பமே நிறுவனமாக வளர்ந்த எடுத்துக்காட்டும் இந்நாட்டுக்கு உண்டு. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தம் தொழிலைத் தொடங்கினார். பேருந்து, உதிரிபாகம், நிதி, இருசக்கர வாகனம் எனப் பிள்ளைகளும் பேரர்களும் தனித்தனிக் கிளைகளை வளர்த்தனர். சாண்ட்லர் கூறிய பிரிவுகள் அங்கே குடும்பக் கிளைகளாகவே அமைந்தன என்று சொல்லலாம். நான்காம் தலைமுறை வந்தபோது பெயர் ஒன்று, உடைமை பின்னல், நிருவாகம் பல என்ற நிலை. 2022இல் எவர் எதை நடத்தி வந்தாரோ அவருக்கே அது உரியது என ஒழுங்கு செய்துகொண்டனர். வழக்காடாமல் முடிந்தது. கூட்டுக் குடும்ப வணிகம் நடத்தும் இல்லங்களில் இது எவ்வளவு அரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொருநைக் கரையின் மற்றொரு பெருநிறுவனம் இந்தியா சிமெண்ட்ஸ். கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் 1946இல் தொடங்கிய அந்நிறுவனம், 1949இல் தாழையூத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஊருக்கே சங்கர்நகர் என்ற பெயர் வந்தது. ஹார்விக்கு நீர் எப்படியோ அப்படி இதற்குச் சுண்ணாம்புக்கல். அடுத்த ஆலையும் கல் கிடைத்த இடத்துக்கே சென்றது, 1963இல் சங்கரியில். பின்னர் இடையில் சில ஆண்டுகள் நிதி நிறுவனங்களின் மேற்பார்வை, 1989இல் என். சீனிவாசன் பொறுப்பேற்பு. அதன்பின் வழி மாறியது. புதிய ஆலை கட்டுவதைவிட இருக்கும் ஆலையை வாங்குவது விரைவு எனக் கருதி, 1998இல் ஆந்திரத்தின் ராசி சிமெண்ட்டை வாங்கியது. சந்தையில் இடம் பெருகியது, கடனும் பெருகியது. 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை அந்நிறுவனம் வாங்கியபோது, சிமெண்ட் கம்பெனிக்குக் கிரிக்கெட் எதற்கு என்று வினவியோர் பலர். பெயர் பரவியது மெய். ஆனால் சிமெண்ட் மூட்டையின் விலையைத் தீர்மானிப்பது பெயர் அன்று. மின்சாரம், நிலக்கரி, போக்குவரத்து ஆகியவற்றின் செலவு. அச்செலவை நாடு முழுதும் பரப்பிக் குறைக்கும் பெரும் நிறுவனங்களோடு ஒரு வட்டார நிறுவனம் நெடுநாள் போட்டியிட இயலவில்லை.

2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸின் கட்டுப்பாடு மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அல்ட்ராடெக் நிறுவனத்திடம் சென்றது. அல்ட்ராடெக் ஆதித்ய பிர்லா குழுமத்தைச் சேர்ந்தது. பாபநாசத்து நூலிலிருந்து கிளைத்த ஆடை வணிகத்தை அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வாங்கியிருந்த அதே குழுமம். ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஆற்றின் கரையில் தொடங்கிய இரண்டு தொழில்களின் கணக்கும் இவ்வாறு ஒரே நகரத்துக்குச் சென்று சேர்ந்தது. 2025இல் அக்குழுமம் லூயி பிலிப், வான் ஹூசன், ஆலன் சோலி ஆகியவற்றை உள்ளடக்கிய ஆடை வணிகத்தைத் தனி நிறுவனமாகப் பிரித்துப் பங்குச்சந்தையில் சேர்த்தது. புதிய நிறுவனத்தின் பெயர் ஆதித்ய பிர்லா லைஃப்ஸ்டைல் பிராண்ட்ஸ். மதுரா என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை.